தொடாமல் விடவும் தெரிய வேண்டும்

தாத்தா ஓட்டிய புல்லட் ஒன்று வீட்டில் பல வருஷமாக நிற்கிறது, அதை நாங்களே பிரித்து ஓட வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு இளைஞர்கள் என்னிடம் வருவதுண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டு ஷெட்டில் பழைய வண்டிகளைச் சீர்செய்வதுதான் என் பொழுது என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துபோகும். ஆனாலும் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, ஒரு வாரத்துக்கு ஸ்பானரை எடுக்காதே."

பிரிப்பது யாருக்கும் வரும். ஆர்வத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரித்துப் போட்டு, பிறகு பூட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி மூலையில் வைத்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போட்ட வண்டிகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றுக்குக் கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, பாயிண்டைத் தேய்த்து, புது பெட்ரோல் ஊற்றினாலே போதுமாக இருந்திருக்கும். பழைய வண்டியைக் கெடுப்பது துரு மட்டுமல்ல. பொறுமையில்லாத கை துருவைவிட வேகமாகக் கெடுத்துவிடும்.

கையில் இருக்கும் பொருள் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் பிறந்த கம்பெனி. புல்லட் என்ற பெயர் 1932லேயே வந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955ல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன; பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. உங்கள் வீட்டு வண்டியில் நம் ஊர்த் தொழிலாளியின் கை இருக்கிறது. அந்த மரியாதையோடு அதன் முன் உட்கார வேண்டும்.

அந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டே ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். எந்தக் கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது, எந்த வாஷருக்கு மேல் எந்த நட்டு என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கழற்றும் திருகுகளை வைக்க முட்டை அட்டை போல வசதியானது வேறில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சீட்டு எழுதிவிடலாம். பழைய புல்லட்டின் மரைகள் பல பிரிட்டிஷ் அளவில் இருக்கும். இன்றைய மெட்ரிக் ஸ்பானரை மாட்டித் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். வந்த வழி தெரியாமல் கை வைத்தால் முதல் நட்டிலேயே சேதம் ஆரம்பித்துவிடும்.

கிக்கர் அசையவில்லை என்றால் அதன் மேல் ஏறி மிதிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊற விட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிஸ்டன் பிடியை விட்டுவிடும். அடுத்து, பழைய ஆயிலை வெள்ளைத் தட்டு ஒன்றில் வடித்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. அடியில் உலோகத்துகள் மினுங்கினால், உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். காந்தத்தைக் காட்டினால் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது புஷ்ஷிலிருந்து வந்தது. இன்ஜினைப் பிரிக்காமலேயே அதன் வயிற்றில் என்ன நோவு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு வண்டியில் உள்ள ஒவ்வொன்றையும் மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்வேன்: மாற்ற வேண்டியது, சரிசெய்ய வேண்டியது, தொடக் கூடாதது.

மாற்ற வேண்டியதில் பாசம் காட்டக் கூடாது. இறுகிப்போன டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மழையில் வழுக்கும். தயாரித்த வாரமும் ஆண்டும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்கள், உதிர்கிற வயரிங், இழை பிரிந்த கிளட்ச் கேபிள் எல்லாம் இந்த வகை. இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி வெடிக்கும். பழைய பிரேக் ஷூவின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது; அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைக் காக்கும் பாகத்தில் சிக்கனமும் வேண்டாம், பழமைப் பற்றும் வேண்டாம்.

சரிசெய்ய வேண்டியதில் அளவுதான் நீதிபதி. புல்லட் 350ன் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நெடிய ஓட்டமும் கனத்த ஃபிளைவீலும் சேர்ந்துதான், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பாக அந்த நிதானமான ஓசையைத் தருகின்றன. வண்டி புகை விட்டால் உடனே, "போர் போட்டுடலாம்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. போர் போடுவதென்றால் சிலிண்டரின் சுவரைச் சீவி அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. சீவிய இரும்பு திரும்பி வராது. அப்படிச் சீவவும் சில முறைதான் இடம் உண்டு. அதனால் போர் கேஜை வைத்து மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் மேல்பக்கம்தான் அதிகம் இருக்கும். அது வரம்புக்குள் இருந்தால் புது ரிங் போதும். தேவைக்கு முன்பே போர் போடுகிறவர் அடுத்த தலைமுறைக்கு வைத்திருந்த இரும்பைச் செலவழிக்கிறார்.

மூன்றாவது வகையில்தான் கை நிஜமாகவே சோதிக்கப்படும். பெட்ரோல் டேங்கில் ஓடும் அந்தத் தங்கநிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் பிரஷ்ஷால் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் வைத்ததல்ல, மூச்சை அடக்கி இழுத்த கோடு. அது மங்கியிருந்தாலும் உயிரோடு இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பெயிண்ட் அடித்தால் வண்டி பளபளக்கும். ஆனால் ஒரு பொருள் ஒரு முறைதான் அசலாக இருக்க முடியும்.

ஒரு பையன் கியர் லீவரிலிருந்து பித்தளை புஷ் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். "இது கம்பெனி பார்ட் இல்லை தாத்தா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டான். எப்போதோ யாரோ லேத்தில் கடைந்து போட்டது அது. கடைசல் வரிகள் சீராக இருந்தன, உள்விளிம்பைச் சரித்துவிட்டிருந்தார்கள், எண்ணெய் போக மெல்லிய காடி ஒன்றும் வெட்டியிருந்தது. மறுபடி மாட்டி லீவரை அசைத்துப் பார்த்தோம். இம்மி ஆட்டமில்லை. கடையில் விற்கும் புதுப் பாகம் இதைவிட நன்றாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பேர் தெரியாத அந்தத் தொழிலாளி செய்ததில் குறை காண முடியாதபோது, அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றேன். அவனும் அதையே துடைத்து மாட்டினான்.

தேவையில்லாமல் மாற்றாதே என்றுதான் சட்டமும் ஏறக்குறையச் சொல்கிறது. 2021ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்தது. வண்டி 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவு எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்ட அனுமதி இல்லை. அழகுக்காக எல்லாவற்றையும் மாற்றியவருக்கு அந்தத் தகுதி போய்விடும்.

சரிசெய்யும் வகையில் டேப்பட் பார்ப்பதையும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதையும், சொல்ல வேண்டும். சிலிண்டரின் அடியில், வலப்பக்கத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, வால்வை இயக்கும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். விரலுக்குள் அது தடையில்லாமல் உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கினால் வால்வு சரியாக மூடாமல் கருகும். தளர்த்தினால் சத்தம் போட்டே தேய்ந்துபோகும். இதை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் வைக்கிற அளவு தப்பாகத்தான் இருக்கும். குடும்பத்தில் ஒரு சண்டை முடிந்த கையோடு எடுக்கும் முடிவுகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஆறட்டும், பிறகு கை வைக்கலாம்.

இந்த மூன்று வகைப் பிரிவு வீட்டுக்குள்ளும் வேண்டும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் வருகிறார்கள். வந்ததும் கட்டிலை மாற்றுகிறார்கள், சமையலை மாற்றுகிறார்கள், பொருள்கள் இருந்த இடத்தையெல்லாம் மாற்றுகிறார்கள். அன்பில்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. குளியலறையின் வழுக்குத் தரையை மாற்றுங்கள், அது பிரேக் ஷூ மாதிரி. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்து வைத்தியம் செய்யுங்கள். ஆனால் அப்பா விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதையும், அம்மா பழைய அஞ்சறைப் பெட்டியை விடாமல் வைத்திருப்பதையும் தொடாதீர்கள். அவர்களைத் தாங்கி நிற்பவை அவைதான்.

கணவன் மனைவிக்குள்ளும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் ஒருவரை ஒருவர் முழுசாகப் பிரித்துப் பூட்டிவிடும் ஆசை இருவருக்கும் வரும். கேடு செய்யும் பழக்கத்தை விடச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அதிகம் பேசாத சுபாவத்தையும், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்யும் வழக்கத்தையும் திருத்தப் புகுந்தால், நாம் விரும்பிக் கட்டிய மனுஷரே காணாமல் போய்விடுவார். என் வயதுக்காரர்கள் தங்களையும் இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது. பதவியில் இருந்த காலத்து வீறாப்பும், பங்காளிச் சண்டையின் பகையும் இறுகிப்போன ரப்பர். அவற்றைக் கழற்றி எறிய எந்த வயதும் தாமதமில்லை.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். வண்டியை ஓட்டிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, எதை எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார், எந்தப் பட்டறையில் வேலைக்குக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். மாற்றுவதற்கு ஒரு பத்தி, சரிசெய்வதற்கு ஒரு பத்தி, தொடக் கூடாததற்கு ஒரு பத்தி. மூன்றாவது பத்தி மற்ற இரண்டையும்விட நீளமாக வரும் நாளில் ஸ்பானரைத் தாராளமாக எடுக்கலாம்.