எழுதப்படாத ஓலை

பிற்பகல் மணி இரண்டரை. உண்ட மயக்கம் ஒருபுறம், ஓட்டுக்கூரையின் வெப்பம் மறுபுறம். ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். கரும்பலகையிலே ‘சோழர் ஆட்சிமுறை’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பாதிக் கண்கள் மூடிவிட்டன. மீதிக் கண்கள் மூடுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கின்றன!

குற்றம் யாருடையது? பிள்ளைகளுடையதா? இல்லை, தோழர்களே, இல்லை! பந்தைக் கண்டால் மான்கன்றெனப் பாய்பவர்கள், தெருக்கூத்தை விடிய விடியக் கண்கொட்டாமல் பார்ப்பவர்கள், வரலாறு என்றதும் உறங்குகிறார்கள் என்றால், உறங்க வைப்பது பாடம். பாடத்தைவிடப் பாடம் சொல்பவர். முடிசூடிய மன்னன் யார், ஆண்டு எது, அவன் பூண்ட விருதுப்பெயர் என்ன, எழுப்பிய கோயில் எது — கோடிடு, குறித்துக்கொள், ஒப்புவி! இவ்வளவுதான் வரலாறு எனில், அதைக் கேட்டு உறங்கும் பிள்ளையை நான் குறை கூறமாட்டேன்.

கலைக்கல்லூரியிலே வரலாறு பயின்று, பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள் நான். பயிற்சிக் காலத்திலே நாள்தோறும் பாடக்குறிப்பேடு எழுதவேண்டும். அதிலே ‘ஆர்வமூட்டல்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு படத்தைக் காட்டுவேன். இரண்டு வினாக்கள் தொடுப்பேன். ‘மாணவர் ஆர்வம் கொண்டனர்’ என்று நானே எழுதி, நானே மகிழ்ந்துகொள்வேன்! கொண்டார்களா என்று அந்த மாணவரைக் கேட்டவர் யார்?

நாளை ஆசிரியையாகும்போது இப்படி இருக்கமாட்டேன் என்று அன்றே உறுதி பூண்டேன். வரலாற்றைப் பிள்ளைகளின் காதிலே ஊற்றமாட்டேன், கையிலே கொடுப்பேன். அவர்கள் ஊரிலிருந்தே பாடத்தைத் தொடங்குவேன். பாடத்தை விடையிலே முடிக்காமல் வினாவிலே முடிப்பேன். மூன்று உறுதிகள். மூன்றும் நல்லவைதாம். ஆனால், நான்காவது ஒன்று வேண்டியிருந்தது. அதை எனக்குக் கற்பித்தது எந்தக் கல்லூரியும் அன்று. என் வகுப்பின் மூன்றாம் வரிசையிலே அமர்ந்திருந்த ஒரு சிறுமி.

குடவோலைப் பாடம் வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்தேறி உத்திரமேரூர் சென்றேன். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். ஆண்டு 919, 921. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உளி பேசிய பேச்சு! விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். பெருமிதம் பொங்கிற்று என்பதை மறைப்பானேன்?

முறை இதுதான்: ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளிலே எழுதி, கட்டாகக் கட்டி, குடத்திலே இடுவர். சபையோர் கூடியிருக்க, சூதுவாது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்று, உரக்கப் படிக்கவேண்டும். விரலிடுக்கிலே வேறோர் ஓலையை மறைத்துவிடக் கூடாதல்லவா! இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர். பன்னிருவர் ஆட்டை வாரியத்துக்கு, பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. கணக்கிலே எவ்வளவு கண்டிப்பு, கவனித்தீர்களா?

திரும்பி வந்ததும் ஏற்பாடுகள் செய்தேன். சமையற்கூடத்திலிருந்து ஒரு குடம். பனையோலை நறுக்குகளை ஒரு பையன் வீட்டிலிருந்து கட்டாகக் கொண்டுவந்தான். வகுப்பு விழித்தது! எந்த வகுப்பு? இரண்டரை மணிக்கு உறங்கும் அதே வகுப்பு! குடத்தைத் தொட்டுப் பார்க்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். “நான்தான் ஓலை எடுப்பேன்” என்று கடைசி வரிசையிலே ஒரு போரே மூண்டது. வென்றுவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தேன்.

நிமிர்ந்த நெஞ்சு குனிவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கல்வெட்டு விதித்த தகுதிகளைப் படித்தேன். வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். அஃதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். சொந்த மனையிலே கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வேதக்கல்வி வேண்டும். வயதையும் வேதத்தையும் விளையாட்டுக்காக விட்டுவிட்டேன். “நிலமும் வீடும் சொந்தமாக உள்ளவர்கள் மட்டும் ஓலையில் பெயர் எழுதுங்கள்” என்றேன்.

பதினொருவர் எழுதினர். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மூன்றாம் வரிசைச் சிறுமி, எழுதாத ஓலையை ஏந்தியபடி என்னிடம் வந்தாள்.

“டீச்சர், எங்களுக்கு நிலம் இல்லை. வீடும் புறம்போக்கிலே இருக்கு. நான் எங்கே நிக்கணும்?”

நான் வாய் திறப்பதற்குள், ஓலையில் பெயர் எழுதிவிட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “நீ வெளியே நில்லு!”

வெளியே நில்! தோழர்களே, அந்த இரண்டு சொற்களுக்கு இந்த மண்ணிலே எவ்வளவு நீண்ட வரலாறு! கோயில் வாயிலிலே, குளக்கரையிலே, கிணற்றடியிலே, தேநீர்க் கடையிலே, தலைமுறை தலைமுறையாக ஒலித்த சொற்கள். அவற்றை என் வகுப்பறைக்குள் அழைத்துவந்தது யார்? அந்தப் பையனா? அவன் விளையாட்டின் விதியைத்தான் சொன்னான். விதியை வகுத்தவள் நான்!

அவள் ஓலையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மாலையிலே அவள் வீட்டைத் தேடிச் சென்றேன். தாய் நடவு முடித்துத் திரும்பியிருந்தார். காலிலே சேறு காயவில்லை. என்னைத் திண்ணையிலே அமர வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அமைதியாகச் சொன்னார்:

“நிலம் இல்லேன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர். அதை நாப்பது பிள்ளைங்க முன்னாடி எம்பொண்ணு வாயாலே சொல்ல வைக்கணுமா?”

சினந்து பேசியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கேள்வி கேட்டார். விடை என்னிடம் இல்லை. பாடத்திலே சுவை வேண்டும் என்று தேடினேன், சுவை கிடைத்தது. அதற்கான விலையை ஒரு குழந்தை செலுத்தினாள். வகுப்பு குளிர்காய, ஒரு பிஞ்சு மனத்தையா சுள்ளியாக எரிப்பது? “தவறு என்னுடையது அம்மா. நாளை அவளை அனுப்புங்கள். வகுப்பிலேயே திருத்துகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அனுப்பினார். வகுப்பிலே எல்லோர் முன்னும், “அன்று நான் கேட்ட கேள்வி தவறு, என்னை மன்னியுங்கள்” என்றேன். பிள்ளைகள் திகைத்தனர். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலும்!

பிறகு அதே குடத்தை மீண்டும் வைத்தேன். ஆனால், இம்முறை எவரும் தம் வீட்டைப்பற்றிப் பேசவேண்டியதில்லை. நாற்பது சீட்டுகள் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 919ஆம் ஆண்டிலே வாழ்ந்திருக்கக்கூடிய ஓர் ஆள்: கால் வேலிக்கு மேல் நிலமுள்ள சபையோன்; அவன் மனைவி; குத்தகைக்கு உழுபவன்; குயவன்; தட்டான்; நாற்று நடுபவள்; ஊருக்கு வெளியே சேரியிலே வாழும் கூலியாள். சீட்டை எடு, அந்த ஆளாகு, பெயர் குடத்திலே விழுமா விழாதா என்று நீயே கண்டுபிடி!

நாற்பதிலே ஆறு பெயர்களே குடத்தில் விழுந்தன. “இந்த ஆறு என்பது நான் அமைத்த கணக்கு; ஊரில் எத்தனை பேர் இருந்தனர் என்று கல்வெட்டு சொல்லவில்லை” என்பதையும் சொன்னேன். பெருமை பேசுவதற்காக மிகைப்படுத்துவது எவ்வளவு பிழையோ, பழி கூறுவதற்காக மிகைப்படுத்துவதும் அவ்வளவு பிழை. சான்று எங்கே நிற்கிறதோ, அங்கே நிற்கப் பழகவேண்டும். பகுத்தறிவு என்பது அதுதானே!

கேலி செய்த பையனுக்குக் கூலியாள் சீட்டு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. சபையோன் சீட்டுத்தான் மறுபடியும் வந்தது. சீட்டுக்கு நீதி தெரியாது! ஆனால், அவன் நண்பனுக்குச் சேரியாள் சீட்டு வந்தது. “இவன் நல்லாக் கணக்குப் போடுவான் டீச்சர். ஏரிக் கணக்கு இவன் பார்த்தால் என்ன?” என்று அவனே எழுந்து கேட்டான்.

மூன்றாம் வரிசைச் சிறுமிக்குச் சபையோன் மனைவியின் சீட்டு. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்போ நிலம் இருக்கு, வீடு இருக்கு. அப்பவும் என் பேரு குடத்துலே இல்லையே, ஏன் டீச்சர்?” என்றாள்.

கல்லூரியிலே மூன்றாண்டு படித்தபோது நான் கேட்காத கேள்வி! சொன்னேன்: “உன் பெயர் மட்டுமா இல்லை? என் பெயரும் இல்லை. நிலம் இல்லை, வயது முப்பத்தைந்து ஆகவில்லை, வேதம் ஓதவில்லை, பெண்ணாகவும் பிறந்துவிட்டேன். வா, இருவரும் சேர்ந்தே வெளியே நிற்போம்.” வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பாடம் தானாக நடந்தது. உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம், அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். சபை என்றால் அங்கே நிலமுடைய அந்தணர் சபை. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து எழுந்த இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலே ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் இருக்கிறது. அதே மண், அதே சோழர், ஒரு கல்லிலே குடவோலை, மற்றொரு கல்லிலே தீண்டாச்சேரி! முதற்கல்லை மட்டும் காட்டி, ‘அன்றே இங்கு மக்களாட்சி’ என்று மார்தட்டுவது எளிது. இரண்டு கல்லையும் அருகருகே வைத்துப் படிப்பதல்லவா வரலாறு?

அப்படியானால் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தது எப்போது? பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். வேப்பமரத்தடி, ஆண்டு 919. ஒரு தப்படிக்குப் பத்தாண்டு. நடங்கள்! எண்ணிக்கொண்டே நடந்தார்கள். பத்துத் தப்படிக்குள் இராசராசன் வந்தான், போனான். இருபது, நாற்பது, எழுபது... அரசுகள் மாறின, கொடிகள் மாறின. குடத்துக்கு வெளியே நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். நூறாவது தப்படி, 1919. அவ்வாண்டுச் சட்டப்படி அடுத்த ஆண்டு நடந்த தேர்தலிலே, வரியும் சொத்தும் உடையோருக்கே வாக்கு. “ஆயிரம் வருசம் நடந்தும் அதே நிலம்தானா?” என்று கடைசி வரிசை கத்திற்று!

1921இலே சென்னைச் சட்டமன்றம், பெண் என்பதற்காகவே வாக்கு மறுக்கும் தடையை நீக்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலே அதுவே முதல். ஆயினும், சொத்துத் தகுதி அகலவில்லை. இன்னும் மூன்று தப்படி. 1950இலே நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, 326ஆம் பிரிவிலே, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்றது. 1951–52இலே முதற் பொதுத்தேர்தல். வாக்குரிமை வயது இருபத்தொன்று. அது பதினெட்டானது 1989இலே.

நூற்றுமூன்றாவது தப்படியிலே அச்சிறுமி நின்றாள். திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். “அங்கேயிருந்து இங்கே வர இவ்வளவு தூரமா?” என்றாள். மேடைகளிலே நான் கேட்ட பேச்சுகளைவிட, அந்த வியப்பு என் நெஞ்சிலே ஆழமாகப் பதிந்தது.

வீட்டுப்பாடம் ஒன்றே கொடுத்தேன்: உங்கள் வீட்டிலே மூத்தவரிடம், முதன்முதல் வாக்களித்த நாளைப்பற்றிக் கேட்டு வாருங்கள். அடுத்த நாள் அவள்தான் முதலில் கைதூக்கினாள்: “எங்க ஆயா முதல் ஓட்டுப் போட்ட அன்னிக்கு, தீபாவளிக்குக் கட்டுற புடவையைக் கட்டிக்கிட்டுப் போனாங்களாம் டீச்சர்!” ஒரு கிழவியின் புடவை வரலாற்றுச் சான்றாக என் வகுப்பிலே ஏறி அமர்ந்தது. அதற்கு மேலான துணைக்கருவியை எந்தக் கடையிலே வாங்குவது?

தேர்விலே ‘குடவோலை முறை — குறிப்பு வரைக’ என்று வினா வந்தது. அவள் முப்பது குடும்பை எழுதினாள், ஐந்து விரலை எழுதினாள், கணக்குக் காட்டாதவனையும் விடவில்லை. இறுதியிலே ஒரு வரி: ‘இதில் எங்கள் பெயர் இல்லை, பிறகு வந்தது.’ விடைக்குறிப்பிலே அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

தோழர்களே! உங்களிலே சிலர் நாளை ஆசிரியராவீர்கள். குடம் கொண்டுவாருங்கள், ஓலை கொண்டுவாருங்கள், மைதானத்திலே ஆயிரம் ஆண்டுகளை நடந்து காட்டுங்கள், வகுப்பு விழிக்கும். ஆனால், எதைக் கொண்டுவந்தாலும், அதை ஏந்தும்போது எந்தக் குழந்தையின் கை நடுங்கும் என்பதை முதலிலே எண்ணிப் பாருங்கள். என் நான்காவது உறுதி அதுவே.

அவள் எழுதாமல் வைத்துவிட்டுப் போன ஓலை இன்னமும் என்னிடம் இருக்கிறது, பாடக்குறிப்பேட்டினுள் வைத்திருக்கிறேன். புதிய பாடத்துக்குக் குறிப்பு எழுத அமரும்போதெல்லாம் முதலில் அதை எடுத்துப் பார்க்கிறேன். பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.