மைக் செட் சித்தப்பாவும் என் கார் ஸ்பீக்கரும்

கார்ல பாட்டு கேக்கறவங்க ரெண்டு வகை. பின்கண்ணாடி அதிர அதிர டம் டம்னு போறவங்க ஒண்ணு. கம்பெனிக்காரன் குடுத்ததுல கேட்டுக்கிட்டு சிவனேன்னு போறவங்க இன்னொண்ணு. நான் ரெண்டாவது வகை. மாசம் ரெண்டு தடவை பெங்களூர்ல இருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியா பென்னாகரம். செகண்ட் ஹேண்ட் கார். கதவுல ரெண்டு காகிதக் கூம்பு ஸ்பீக்கர். பொட்டி தட்டற நமக்கு இது போதாதா?

போதாதுன்னு ஆக்கினது எங்க சித்தப்பா.

சித்தப்பா முப்பது வருஷம் மைக் செட் வெச்சிருந்தவர். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, ஏரியூர்னு சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, விடிய விடிய தெருக்கூத்து எதுன்னாலும் புளியமரத்துல குழாயைக் கட்டிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவார். ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு மத்திய அரசு விதி வந்ததே 2000ல தான். அதுக்குள்ள அவர் காது வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிடுச்சு.

அமெரிக்காவுல நயாஷ்னு ஒரு தொழில்நல அமைப்பு. அது 1998ல சொன்ன கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. அப்படியே போனா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். சித்தப்பா விடிய விடிய இருந்தவர்.

ஆனா அவர் ஒத்துக்க மாட்டார். "இப்பல்லாம் எவன்டா வாயத் தொறந்து பேசறான்? எல்லாம் முணுமுணுன்னு"ன்னு ஊர் மேலயே பழியைப் போடுவார். காது மிஷின் பேச்சை எடுத்தா, "ஊரையே கேக்க வெச்சவன்டா நான். எனக்கு மிஷினா?" அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது.

என் கார்ல ஏறினாலும் இதே பஞ்சாயத்து. தர்மபுரி பண்பலை வெச்சா, "பாட்டு கேக்குது தம்பி, வார்த்தை புரியல. உன் செட்டு சரியில்ல"ம்பார். அதுலயும் பாதி நிஜம் இருந்துச்சு. கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழ. மேல் ஸ்தாயி சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போறது. காலும் சீட்டும் மறைச்சா காதுக்கு வராது. ச, த, க மாதிரி மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டறதே இந்த மேல்பக்கம் தான். 2000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் நிறைய. இரைச்சலால கெட்ட காது முதல்ல அடி வாங்கற இடம் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வால்யூமை ஏத்தினா இரைச்சல்தான் ஏறும், வார்த்தை வராது.

பெங்களூர் ஜே.சி. ரோட்டுல ஒரு கடையில விசாரிச்சேன். ஆம்ப்ளிஃபயர், டிக்கியில பெட்டினு அவங்க சொன்ன விலைக்கு நல்ல பைக்கே வாங்கலாம். டிக்கிப் பெட்டி கீழ் ஸ்தாயிக்கு. எனக்கு வேண்டியது வார்த்தை. சரி, நாமளே செஞ்சிடுவோம்னு சித்தப்பாவையே மேஸ்திரியாப் போட்டேன் :-)

முதல்ல ஒரு உண்மை. செட் மேல 50 வாட்ஸ்னு போட்டிருப்பாங்க. நம்பாதீங்க. வண்டி ஓடும்போது பேட்டரியில 14.4 வோல்ட். அதை வெச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமாக் குடுக்க முடிஞ்சது கணக்குப்படியே 26 வாட்ஸ். நிஜத்துல 20ஐ ஒட்டித்தான். ஆனா கவலை வேண்டாம். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினாலும் கூடறது 3 டெசிபல் தான். இருக்கற வாட்ஸை வீணாக்காம இருந்தாலே போதும்.

வீணாகறது எங்கன்னு சித்தப்பா கதவுப் பலகையைக் கழட்டின உடனே சொல்லிட்டார். "பின்னாடி சத்தம் முன்னாடி வருது பாரு. ரெண்டும் அடிச்சுக்கிட்டு சாவுது." கூம்பு முன்னாடி காத்தைத் தள்ளும்போது பின்னாடி இழுக்கும். நடுவுல ஓட்டை இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும், முக்கியமா கீழ் ஸ்தாயியில. நான் இஞ்சினியரிங்ல படிச்சதை அவர் மாவரைக்கற மாதிரி சொல்றார்!

ஊர் ஆசாரிகிட்ட 18 மில்லிமீட்டர் மெரைன் ப்ளைவுட்ல ரெண்டு வளையம் வெட்டி வாங்கி, ரெண்டு கை வார்னிஷ் அடிச்சோம். மழைத்தண்ணி கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்கும், சாதா பலகைன்னா ஊறிடும். வளையத்தைச் சுத்தி ஃபோம் டேப். தகரத்து உள்பக்கம் பியூட்டைல் ஷீட். பெரிய ஓட்டைகளையும் அதே ஷீட்டால மூடினோம். கதவு அடியில தண்ணி வடியற ஓட்டையை மட்டும் தொடவே கூடாது. தொட்டா கதவு துருப்பிடிச்சுடும்.

அடுத்தது ட்வீட்டர். பிவிசி பைப் மூடியைக் குடைஞ்சு கூடு செஞ்சு, முன்கண்ணாடி ஓரத் தூண்ல காதைப் பாத்து வெச்சோம். கீழ்ச்சத்தம் போய் அதைக் கருக்காம தடுக்க ஒரு கெப்பாசிட்டர் வேணும். சந்தையில கூட வர்ற 4.7 மைக்ரோஃபேரட், 4 ஓம் ட்வீட்டரை சுமார் 8500 ஹெர்ட்ஸ்ல தான் ஆரம்பிக்க விடும். எனக்கு 4000ல இருந்தே வேணும். 1ஐ 2 × பை × 4000 × 4 ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10 மைக்ரோஃபேரட். ட்வீட்டர் அதைத் தாங்குமான்னு அதோட விவரத்தாள்ல பாத்துட்டு, பிளஸ் மைனஸ் இல்லாத வகை வாங்கிப் போட்டேன். கதவு ஸ்பீக்கர்ல எது பிளஸ்னு சித்தப்பா ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டே கண்டுபிடிச்சார். கூம்பு வெளிய வந்தா சரி. (ட்வீட்டர்ல இதைச் செஞ்சு பாக்காதீங்க.)

கடைசியா ஈக்வலைசர்ல 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைச்சு, 2000-4000 பக்கம் 3 டெசிபல் ஏத்தினேன். வால்யூம் பழைய இடத்துலயே.

பரீட்சை வேணுமே? வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி பழைய செட்ல 20 வார்த்தையை என் குரல்ல பதிவு பண்ணி ஓடவிட்டிருந்தேன். சட்டி, தட்டி, கட்டி, பட்டி இந்த மாதிரி. சித்தப்பா திருப்பிச் சொன்னதுல 9 சரி. புது செட்ல வார்த்தை வரிசையை மாத்தி ஓடவிட்டேன். 14.

சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. ரெண்டு நிமிஷம் கழிச்சு, "நீ எத்தனைடா?"ன்னார்.

"20, சித்தப்பா."

"அந்தப் பழைய செட்ல?"

"அதுலயும் 20."

பேசலை. வரிசையை மறுபடி ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். முப்பது வருஷம் செட்டைக் கழட்டி எங்க பழுதுன்னு பாத்தவர் இல்லையா? செட்டு சரியா இருந்தா அப்புறம் பழுது எங்க இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். "ஆறு வார்த்தை எங்கடா போச்சு?"ன்னு மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் சேலத்துல காது டாக்டர். தொப்பூர் கணவாய் இறக்கத்துல நான் செட்டை அணைச்சிடுவேன்; அங்க பின்னாடி வர்ற லாரி ஹாரன் தான் காதுல விழணும். டாக்டர் குடுத்த வரைபடத்துல கோடு 2000 வரைக்கும் ஓரளவு மட்டமாப் போய், 4000ல கிணத்துல விழுந்த மாதிரி இறங்கியிருந்துச்சு. சித்தப்பா அதை ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது ட்வீட்டர் போன கேஸு தம்பி"ன்னார். டாக்டர் சிரிச்சுட்டார்.

இப்ப மிஷின் வெச்சிருக்கார். சந்தைக் கூட்டத்துல தொந்தரவா இருக்குன்னு கழட்டி பாக்கெட்ல போட்டுக்கறார், வீட்டுல சித்தி திட்டினா மறுபடி மாட்டிக்கறார். சித்தி திட்டறது இப்ப வார்த்தை வார்த்தையாப் புரியுதாம். அதுக்கு நான் தான் காரணம்னு வேற சொல்லிட்டுத் திரியறார்.