வெள்ளை எரு

நார்கண்டாவை யாரும் ஆல்ப்ஸ் என்று நினைத்து ஏமாற மாட்டார்கள். சிம்லாவிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய இந்துஸ்தான் - திபெத் சாலையில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் ஒரு கடைத்தெரு, சில விடுதிகள், சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்களும் தேவதாரு மரங்களும். நடுவே பனிச்சறுக்குக்கு என்று ஒரு சரிவு. குல்மார்க் போனால் ரோப் கார் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். நார்கண்டாவுக்கு அந்த பந்தா எல்லாம் கிடையாது. சிம்லாவில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி: காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரே நிபந்தனை, பனி பெய்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் பெய்யவில்லை. இமாசலப் பிரதேசம் முழுக்க மாதம் கிட்டத்தட்ட வறண்டே போனது. குல்மார்கிலேயே பனிக்குப் பதில் காய்ந்த புல் தெரிந்தது. அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பிப்ரவரி 21-க்குத் தள்ளிப்போயின.

சிம்லாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த ஒரு தமிழருக்கு இது வெறும் வானிலைச் செய்தி அல்ல. ஏப்ரலில் சென்னைக்கு மாற்றல். பனிச்சறுக்குக்கு அழைத்துப் போவதாக 11 வயது மகளுக்கு வாக்குக் கொடுத்து இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. முதல் வருஷம் அலுவலகம் விடவில்லை. அடுத்த வருஷம் ஊரில் அப்பா இறந்துபோனார். அதன் பிறகுதான் திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்திருந்தார். தினமும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடினாள் மகள்.

ஜனவரி முடியும் தறுவாயில் வானம் மனமிறங்கியது. பிப்ரவரி இரண்டாவது ஞாயிறன்று குடும்பம் டாக்ஸியில் ஏறியது. அம்மாவை அழைத்துப் போவதா என்று முதல் நாள் இரவு ஒரு விவாதம். "அத்தைக்கு முழங்கால் வலி, அந்தக் குளிரில் எப்படி?" என்று மருமகள் கவலைப்பட்டார். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். எனக்குத் தெரியாத பனியா?" என்று முடித்துவிட்டார் மாமியார். ஊரில் அவர் அறிந்த பனி, விடியற்காலை வரப்பில் கால் நனைக்கிற பனி. இது வேறு பனி என்று யாரும் சொல்லவில்லை.

வழியில் குஃப்ரி. நீலகிரியில் விளையும் 'குஃப்ரி ஜோதி' உருளைக்கிழங்குக்குப் பெயர் தந்த ஊர். ஒரு காலத்தில் பனிச்சறுக்குக்கும் பெயர் பெற்றிருந்தது. இன்று அங்கே குதிரைச் சவாரிதான் பிரதானம். டாக்ஸி நிற்காமல் தியோக், மத்தியானா என்று ஏறியது.

சரிவின் அடியில் வாடகைக்குக் கொடுத்த பூட்ஸைப் போட்டதும் கால் சிமென்ட் தொட்டியில் மாட்டிக்கொண்டது போல ஆனது. சொல்லிக்கொடுக்க வந்த உள்ளூர் இளைஞன் முதல் பாடமாக நடத்தியது, விழுவது எப்படி என்பதை. முன்னால் விழக்கூடாது, பக்கவாட்டில் உட்காருவது போல் விழவேண்டும். இரண்டாவது பாடம் நிற்பது: பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகலமாக விரிக்க வேண்டும். மூன்றாவது பாடம் ஏறுவது: சரிவுக்குக் குறுக்கே நின்று நண்டு மாதிரி ஒவ்வொரு காலாக. பத்து நொடி சறுக்க, பத்து நிமிஷம் ஏறவேண்டும் என்பது யாரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு.

அப்பா இரண்டு தடவை விழுந்து, போதும் என்று போட்டோ எடுக்கப் போய்விட்டார். மகள் நான்கு தடவை விழுந்தாள். நான்காவது தடவை எழுந்திருக்கவில்லை. கையுறைக்குள் பனி புகுந்து விரல்கள் விறைத்துப்போக, அழுகை வெடித்தது. "எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போகலாம்." இரண்டு வருஷ வாக்கு அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போதுதான் டீக்கடைப் பக்கமிருந்து பாட்டியின் குரல். "இங்க வாடி, இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த இளைஞனின் தாய். பாட்டிக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரை மணி நேரமாகச் சைகையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே நன்றாக இந்தி பேசுகிறவள் மகள்தான். மூக்கை உறிஞ்சியபடி மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

பேச்சு ஆப்பிளைப் பற்றி. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் தூங்க வேண்டும். இந்தப் பக்கத்து டெலிஷியஸ் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் பூக்கும் காலம் தப்பும், பூ சீராக வராது. மேலே கிடக்கும் பனி மெல்ல மெல்ல உருகி வேருக்கு ஈரம் கொடுக்கும். அதனால் பனிக்கு இங்கே இன்னொரு பெயர் உண்டு: வெள்ளை உரம்.

"எருன்னு சொல்லு" என்று திருத்தினார் பாட்டி. பிறகு அவர் முறை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கவேண்டும், அப்போதுதான் குறுவை. 2023-ல் தேதி தவறாமல் திறந்தார்கள். ஆனால் மேலேயிருந்து போதிய தண்ணீர் வராமல் அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். பயிர் கருகியதை மகள் இந்தியில் சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மாள் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது.

"அப்ப பனி வராட்டி இவங்க என்ன செய்வாங்க அப்பாயி?"

"நாம என்ன செய்யறோம்? வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கோம். வந்துட்டா உடனே கொண்டாடிடணும். வாய்க்கால்ல புதுத் தண்ணி வந்தன்னைக்கு ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணுகூட வீட்டுல இருக்காது."

மகள் சற்று நேரம் சரிவைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கையுறையை உதறி மாட்டிக்கொண்டு நண்டு நடையில் ஏறினாள். ஏறக்குறைய முப்பது மீட்டர். வளைந்து நெளிந்து, பின்முனைகளை விரித்து, டீக்கடைக்குச் சற்று முன்னால் விழாமல் நின்றாள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்ச் சாலையில் ஈரம் உறையத் தொடங்கும் முன் இறங்கிவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தும்வரை இன்னும் ஆறு தடவை ஏறி இறங்கினாள்.

ஏப்ரலில் குடும்பம் சென்னைக்கு மாறியது. பாட்டி கிராமத்துக்கே திரும்பிவிட்டார். அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அடுத்த சில நாட்கள், பள்ளியிலிருந்து வந்ததும் சென்னைப் பேத்தி போனில் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்:

"அப்பாயி, வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடுச்சா?"