கொலு பொம்மைக்கும் ரேஸ் காருக்கும் என்ன சம்பந்தம்? விருத்தாசலம் டு கோவை... ஒரு 'அச்சு' பயணம்!

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது பழமலைநாதர் கோயில். கொலு வைக்கும் வீடுகளுக்கு ஞாபகம் வருவது பீங்கான் பொம்மை. ரேஸ் கார் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால், இந்த ஊர் பீங்கான் பட்டறையில் நடக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினால், அங்கே சின்னப் பட்டறைகளில் ரேஸ் கார் பிறந்த கதை சட்டெனப் புரிந்துவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அச்சு.

களிமண் ஊரின் கணக்கு

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது விருத்தாசலம். பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு டிப்ளமோ கல்லூரி என இந்த ஊர் மெல்ல 'பீங்கான் நகரம்' ஆனது. பொம்மை, ஊறுகாய் ஜாடி, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை என இங்கே செய்யப்படாத பீங்கான் சாமான் குறைவு.

பொம்மை எப்படி உருவாகிறது? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தோசை மாவு பதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்சுவரில் களிமண் ஓடு போலப் படிகிறது. மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பிள்ளையார். பிசிறு நீக்கி, காயவைத்து, சூளையில் சுட்டெடுத்தால் வேலை முடிந்தது.

இதில் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. நூறு பொம்மை விற்றாலும் கட்டுப்படியாகும். காரணம், அச்சுக்கான செலவு குறைவு. சிறுதொழில் பிழைத்திருப்பதன் ரகசியமே இதுதான்.

கோவையில் அதே கணக்கு

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஒரு ரயில் பாதை சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஈரோடு, திருப்பூர் தாண்டினால் கோவை. பம்ப்செட், மோட்டார், பஞ்சாலை இயந்திரம் என எதையும் லேத் பட்டறையில் செய்து பார்த்துவிடும் ஊர்.

இந்த ஊரின் பஞ்சாலைக் குடும்பம் ஒன்றில் 1954-ல் பிறந்தவர் எஸ்.கரிவரதன். கார் பந்தயத்தில் தீராத ஆர்வம். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவின் ரேஸ் மைதானம் என்றால் சென்னைக்கு அருகே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான் அங்கே பந்தயப் பாதை. வசதி உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் வரவழைத்தார்கள். மற்றவர்கள் வீட்டு காரையே மாற்றியமைத்து ஓட்டினார்கள். காரின் விலையே பாதி ஜெயிப்பைத் தீர்மானித்துவிடும் நிலை.

1980-களின் கடைசியில் கரிவரதன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அப்போது ஊரெல்லாம் ஓடத் தொடங்கியிருந்த மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை எடுத்தார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூடு கட்டினார். அதன் மேல் ஃபைபர் உடல். ஒரே ஒருவர் உட்காரும் இடம். இப்படிப் பிறந்ததுதான் 'ஃபார்முலா மாருதி'.

ஃபைபர் உடல் செய்யும் விதத்தைப் பார்த்தால் விருத்தாசலத்துப் பட்டறை நினைவுக்கு வரும். அச்சில் மெழுகு பூசி, அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, பிரஷ்ஷால் ரெசினைப் பூசுகிறார்கள். இறுகியதும் அச்சிலிருந்து பெயர்த்தால் காரின் மூக்கோ, பக்கவாட்டோ தயார். பெரிய கார் கம்பெனிகள் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. ஐம்பது கார் செய்பவருக்கு அது சாத்தியமில்லை. ஃபைபர் அச்சு சாத்தியம்!

எடை குறைந்தால் என்ன லாபம்?

800 சிசி இன்ஜினை வைத்து ரேஸா என்று சிரிக்க வேண்டாம். காரின் எடையைக் குறைத்தால் சின்ன இன்ஜினே போதும். பிரேக் சட்டென்று பிடிக்கும். வளைவில் கார் வெளியே இழுக்காது. டயர் குறைவாகத் தேயும்.

இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் வாழ்நாளெல்லாம் பிடிவாதமாகப் பின்பற்றியது இந்தக் கொள்கையைத்தான். 1957-ல் வந்த அவருடைய 'லோட்டஸ் செவன்' காரை உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டு கராஜிலேயே பூட்டிக்கொள்ளலாம். 1973-ல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் என்ற சின்ன நிறுவனம், அதே வடிவத்தை இன்றும் விற்கிறது.

இருவர் ஏறிய படிக்கட்டு

ஃபார்முலா மாருதியின் பெருமை வேகத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பது வெளிச்சமானது. கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூர் அருகே இந்தக் காரில்தான் ஓட்டினார். முதல் முயற்சியிலேயே பரிசு மேடை ஏறினார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக், 2000-ம் ஆண்டு ஃபார்முலா மாருதி சாம்பியன். 2010-ல் அவரும் ஃபார்முலா ஒன் களத்தில் இருந்தார். இதுவரை அங்கே பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இந்த இருவர் மட்டுமே.

இதையெல்லாம் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் சிறிய விமான விபத்து ஒன்றில் இறந்துபோனார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சின்னப் பட்டறைகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. எல்லா நுணுக்கமும் ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் போனால் பட்டறையும் போகும். கோவையில் அப்படி நடக்கவில்லை. எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி.விஜயகுமார் அந்த வேலையைத் தொடர்ந்தார். மாருதியின் 1,300 சிசி இன்ஜினோடு ஃபார்முலா எல்ஜிபி கார்கள் வந்தன. செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளப் பந்தயப் பாதை உருவானது. அதன் பெயர் 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. கரி என்பது கரிவரதன்தான்.

சாலைக்கு வராதது ஏன்?

இவ்வளவு திறமை இருந்தும், சின்னப் பட்டறையின் ஸ்போர்ட்ஸ் காரை நம் தெருவில் பார்க்க முடிவதில்லை. ஒரு புது மாடலைச் சாலையில் ஓட்ட விற்க வேண்டுமென்றால் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற மையங்களில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அந்தச் செலவு லட்சம் கார்களில் கரைந்துவிடும். பத்து கார் செய்பவருக்கு ஒவ்வொரு காரின் தலையிலும் ஏறும். பாதுகாப்புக்குச் சோதனை அவசியம். அதே நேரம், இங்கிலாந்தில் ஒற்றைக் காரைக்கூடத் தனியாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. அங்கே சின்ன நிறுவனங்கள் மூச்சுவிட அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவிலும் முயன்றவர்கள் உண்டு. சான் மோட்டார்ஸின் 'ஸ்டார்ம்', ரெனோ இன்ஜினும் ஃபைபர் உடலும் கொண்ட குட்டி டூ-சீட்டர். சந்தையில் நிலைக்கவில்லை. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் வேறு வழி எடுத்தது. டாடாவோடு கைகோத்து, 2018-ல் டியாகோ காரை 'ஜேடிபி' என்ற பெயரில் துள்ளலான காராக மாற்றித் தந்தது. 2020-ல் அதுவும் நின்றது.

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் சீறியதைப் பலரும் ரசித்திருப்பார்கள். அங்கே ஓடிய ஃபார்முலா 4 கார்கள் பிரான்ஸின் மைகேல் நிறுவனத் தயாரிப்பு. இந்தியன் ரேசிங் லீக் கார்கள் இத்தாலியின் உல்ஃப் தயாரிப்பு. அந்த நாடுகளில் சின்ன நிறுவனங்கள் செய்த காரை நாம் வாங்கி ஓட்டுகிறோம். அவர்களைப் போலச் செய்யும் கை நம் ஊரிலும் இருக்கிறது என்பதற்குச் செட்டிப்பாளையமே சாட்சி.

அந்தக் கைகள் தொடர்கின்றன. 'ஃபார்முலா பாரத்' போட்டிக்காக, நாடெங்கும் உள்ள இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த குட்டி ரேஸ் கார்களோடு இந்தப் பாதைக்குத்தான் வருகிறார்கள். பெட்ரோல் கார் மட்டுமல்ல, மின்சார காரும் உண்டு. வெல்டிங், ஃபைபர், வயரிங் எல்லாம் மாணவர்களின் வேலை. படிப்பு முடிந்ததும் சொந்தப் பட்டறை போடும் துணிச்சல் இவர்களில் சிலருக்காவது வந்தால், கரிவரதனின் அச்சு இன்னும் உடையவில்லை என்று அர்த்தம்.

போக நினைப்பவர்களுக்கு...

விருத்தாசலத்தில் கோயிலையும் பீங்கான் கடைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பொம்மை வாங்க நவராத்திரிக்கு முந்தைய வாரங்கள் நல்ல நேரம். கோவையிலிருந்து போத்தனூர் வழியாகச் செட்டிப்பாளையம் போகலாம். பந்தயம் நடக்கும் நாள்களை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. குழந்தைகளோடு போகிறவர்கள் அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்!