தெமெங்கோரில் தோமான் தேடி

நம் நாட்டில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆனால் மார்ச் மாதத்தில் தெமெங்கோர் ஏரிக்குப் போனவர்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! கிரிக்கிலிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போனால் பண்டிங் தீவு. அங்கே ஒன்பது மணிக்கே முதுகு சுடும்.

1970-களில் பேராக் ஆற்றில் அணை கட்டிக் காட்டை மூழ்கடித்ததால் உருவான ஏரி இது. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்துப் பெரியது. பட்டுப்போன மரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. மீன் ஒதுங்குவதும் அங்கேதான், தூண்டில் சிக்கிக்கொள்வதும் அங்கேதான்.

வெயில் ஏறினால் மீன்கள் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும். ஆகவே விடிந்ததிலிருந்து பத்து மணி வரை, பிறகு மாலை ஐந்துக்கு மேல்தான் வேலை. நடுப்பகலிலும் சும்மா இருக்க முடியாதவர்கள், குளிர்ந்த ஓடைநீர் ஏரியில் கலக்கும் இடங்களில் செபாராவுக்கு முயலலாம்.

நானும் தம்பியும் போனது தோமானுக்காக. விராலின் பெரிய உறவுக்காரன். அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தம்தான் துப்பு. நீர்வளையம் விரிந்த இடத்திலேயே இரையை எறிந்தால் மீன் மிரண்டுவிடும். அது போகும் திசையைக் கணித்து, அதற்கும் அப்பால் வீசி, ரப்பர் தவளையைக் குறுக்கே இழுத்துவர வேண்டும். காலை முழுக்க வீசியதில் எனக்கு ஒரு மீன், தம்பிக்குத் தோள்வலி.

பத்து மணிவாக்கில் கரையோர ஒதுக்கு ஒன்றில் தண்ணீர் உலைபோல் கொதித்தது. நூற்றுக்கணக்கான செந்நிறத் தோமான் குஞ்சுகள் ஒன்றாக மூச்சுவிட வந்திருந்தன. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பசியே இல்லாவிட்டாலும், குஞ்சுகளின் நடுவே விழுவதைப் பாய்ந்து கடிக்கும். புதிதாகத் தூண்டில் பிடிப்பவனுக்கும் பெரிய மீன் சிக்கும் நேரம் இது.

"பாக்சிக், இன்னும் கிட்டே போங்க," என்று மலாயில் கெஞ்சினான் தம்பி.

படகுக்காரப் பெரியவர் எஞ்சினை அணைத்துவிட்டார். "பெரியதைத் தூக்கிட்டா குஞ்சுகளை மத்த மீனுங்க தின்னுடும்."

"பிடிச்சிட்டு விட்டுடறேனே?"

"நீ படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள பாதி போயிருக்கும்."

குஞ்சுக் கூட்டத்தைத் தேடியே படகு எடுக்கும் தூண்டில்காரர்கள் உண்டு. அவர்களுக்கு அது தவறாகத் தெரிவதில்லை. எனக்குப் பெரியவர் சொன்னதே நியாயமாகப் பட்டது. தூண்டிலைக் கீழே வைக்கச் சொன்னேன். ஈப்போவிலிருந்து வந்த பெட்ரோல் காசு முதல் படகு வாடகை வரை கணக்குப் போட்டுக் காட்டினான் தம்பி. நான் கேட்டுக்கொண்டேன்.

மாலையில் ஓடைமுகத்தில் அவனுக்கு ஒரு செபாராவ் கிடைத்தது. முழங்கை நீளம்கூட இல்லை, ஆனால் இழுத்த இழுப்பில் கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது. படம் எடுத்ததும் விட்டுவிட்டான்.

போகிறவர்கள் நீண்ட கைச்சட்டையும் நிறையத் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். அரச பெலும் பூங்காப் பக்கம் போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.