ஒரு விரல் கிரீஸ்



இந்த வாரம் உங்கள் முன் நான் ஓர் அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. நம் சபையைச் சேர்ந்த மகள் ஒருத்தி இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் நான்கு கிலோமீட்டர். என் மிதிவண்டியை அவளுக்குத் தருவதாக வாக்களித்தேன். அவள் உயரம் குறைந்தவள். இருக்கையை மூன்று அங்குலம் இறக்கினால் போதும். சனிக்கிழமை மாலை ஸ்பேனரை எடுத்துத் திருகாணியைத் தளர்த்தினேன். இருக்கை அசையவில்லை. அதன்மேல் ஏறி அமர்ந்து அழுத்தியும் பார்த்தேன். இறங்கவில்லை.

அந்த வண்டியின் சட்டம் எஃகு. அதனுள் இறங்கும் சீட் பில்லர் அலுமினியம். வாங்கிய நாளில் என் உயரத்துக்குப் பொருத்தித் தந்தார்கள். ஏழு ஆண்டுகளாக அதை நான் தொட்டதில்லை. போதகர் இல்லமோ கடலைப் பார்த்து நிற்கிறது. சன்னல் கம்பிகளை உப்புக்காற்று என்ன செய்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சந்தைத் தெருவிலுள்ள பெரியவரிடம் வண்டியைத் தள்ளிச் சென்றேன். ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்ப்பவர் அவர். இருக்கைக்குக் கீழே குழாய் முடியும் விளிம்பை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு போல் வெண்பொடி உதிர்ந்தது. “ஐயா, இதை எப்பவாவது வெளியே எடுத்துத் துடைச்சீங்களா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தே இருந்தது.

இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புநீர் புகுந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. இரண்டில் எளிதில் தன்னை விட்டுக்கொடுக்கும் உலோகம் அரிக்கப்படுகிறது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அது அலுமினியமே. அரிப்பில் பிறக்கும் வெண்பொடி, கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளியில் அது பருக்கும்போது, ஆப்பு வைத்து அடித்தாற்போல் தண்டும் குழாயும் இறுகிவிடுகின்றன. இரண்டும் எஃகாயிருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். சிவந்த துருவும் இவ்வாறே பருத்து இறுக்கும்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை, ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துக் கரைந்திருந்தன. சில ஆணிகள் மாத்திரம் தப்பியிருந்தன. தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்தவை; அந்த ஆணிகளின் தலைக்கடியில் காகிதத் துண்டு கிழிபடாமல் தங்கிவிட்டிருந்தது. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு காகிதம், அவ்வளவே. கிரீஸ் செய்வதும் அதே வேலைதான். நீரை உள்ளே விடாமல் இடத்தை அது நிரப்பிக்கொள்கிறது.

பெரியவர் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் வைத்தார். பின்பு இருக்கையைக் கழற்றி, தண்டின் தலையை வைஸில் இறுக்கி, வண்டியையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினார். தண்டின் தலை முறுக்கிக்கொண்டதேயன்றி அது சுழலவில்லை. இறுதியில் தண்டை அறுத்து, குழாய்க்குள் ரம்பத் தகட்டை நுழைத்து, உட்புறமாக நீளவாக்கில் கீறினார். கை சற்றுத் தவறினால் சட்டமே வெட்டுப்பட்டு வண்டி வீணாகும். மற்ற வேலைகளுக்கு நடுவே அதைச் செய்து முடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அந்தப் பிள்ளை நடந்தே போனாள். ஒருநாள் காலை என் வாசலைக் கடந்தபோது, “பரவாயில்லை ஐயா” என்றாள். அந்தச் சொல் எனக்குப் பெரும் பாரமாயிருந்தது.

உங்கள் வீட்டு வண்டிக்கு இதைச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், தண்டு நிற்கும் உயரத்தை நாடாவால் குறித்துக்கொண்டு அதை முழுவதும் வெளியே எடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் குழாயில் தேங்கிய நீரை வடியுங்கள். உள்ளும் புறமும் துணியால் துடைத்து, கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவித் திரும்பச் செருகுங்கள். ஹேண்டில் தண்டுக்கும் அவ்வாறே. பெடல்களின் மரையை மறக்க வேண்டாம். கிராங்கில் பெடல் இறுகினால் கழற்றுவது பெரும்பாடு. இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. அதை அறியாமல் கழற்றப் போகிறவர்கள் மேலும் இறுக்கிவிடுகிறார்கள். நானும் இளமையில் அப்படி இறுக்கியவனே. கார்பன் தண்டுள்ள விலையுயர்ந்த வண்டியானால் கிரீஸ் கூடாது, அதற்கென்றே தனிப்பசை உண்டு. பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிரீஸ் என்று பெரியவரைக் கேட்டேன். சுட்டுவிரலை டப்பாவில் தோய்த்துக் காட்டி, “இவ்வளவுதான் ஐயா” என்றார். புதுத் தண்டுக்கும் வேலைக்கும் நான் கொடுத்த தொகையை நினைத்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடந்த ஞாயிறு அவள் அந்த வண்டியில் ஆலயத்துக்கு வந்தாள். இருக்கை நாங்கள் வைத்த இடத்தைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தது. யார் உயர்த்தியது என்று கேட்டேன். தானே தளர்த்தித் தூக்கினாளாம். வெண்ணெயில் கத்தி போல் வந்ததாம்.