முதுகு திறந்த பான்ஜோவா, மூடியதா?

பான்ஜோ என்றதும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நினைவுக்கு வரும். ஒன்று, கொழும்பு விருந்துகளில் பைலாப் பாட்டோடு சேர்ந்தொலிக்கும் தந்தி வாத்தியம். மற்றது, தட்டச்சுப் பொறியைப் போல் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங். இந்தியாவில் அதனையும் பான்ஜோ என்று அழைப்பதுண்டு. நான் எழுதப்போவது அமெரிக்க நாட்டார் இசைக்குரிய ஐந்து தந்திப் பான்ஜோவைப் பற்றி.

அது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. தோல் போர்த்திய வட்டச் சட்டத்தின் பின்புறம் திறந்தே இருப்பது ஒரு வகை. பின்புறத்தில் 'ரெசனேற்றர்' எனப்படும் மரக்கிண்ணம் பொருத்தியது மற்றது. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னதிலிருந்து, எது எனக்கு ஏற்றது என்ற ஆராய்ச்சியில் சில வாரங்கள் கழிந்தன.

இவ்வாத்தியத்தின் வேர் மேற்கு ஆபிரிக்காவில் உள்ளது. சுரைக்குடுவையில் தோல் போர்த்தி வாசிக்கும் மரபை, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் தம்முடன் எடுத்துச் சென்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் குடுவையின் இடத்தை வளைத்த மரச்சட்டம் பிடித்துக்கொண்டது. விரல்நகத்தின் மேற்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, குட்டையான ஐந்தாம் தந்தியைப் பெருவிரலால் சுண்டும் 'குளோஹாமர்' முறை அந்தப் பழைய மரபின் தொடர்ச்சி. திறந்த பான்ஜோ அதற்கே பொருந்தும். ஒலியில் ஒரு பகுதி பின்னோக்கிச் சென்று வாசிப்பவரின் உடலிலும் உடையிலும் அடங்கிவிடுவதால், நாதம் மென்மையாகவும் சற்றே மங்கலாகவும் இருக்கும்.

ரெசனேற்றர் அந்த ஒலியை மடக்கி முன்னே அனுப்புகிறது. 1920களின் நடனக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கு ஈடுகொடுக்க இத்தகைய உரத்த பான்ஜோ தேவைப்பட்டது. பின்னர் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், விரல்களில் நகக்கவசம் மாட்டி, மூன்று விரல்களால் மழைபோல் சுரங்களைப் பொழிந்தார். இன்று 'புளூகிராஸ்' என அறியப்படும் இசையின் அடையாளமே அதுவாயிற்று. வயலின், மன்டலின், கிற்றார் ஆகியவற்றின் நடுவே ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ரெசனேற்றரே துணை.

ஆனால் திறந்தது தனியறைக்கு, மூடியது மேடைக்கு என்று கோடு கிழித்துவிட முடியாது. பீற் சீகர் நீண்ட கழுத்துடைய திறந்த பான்ஜோவை ஏந்தியே பெருங்கூட்டங்களைப் பாடவைத்தார். 1858ஆம் ஆண்டுப் பான்ஜோ ஒன்றின் மாதிரியில் செய்த வாத்தியத்தை வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். பியோன்சே 2024இல் வெளியிட்ட 'ரெக்சஸ் ஹோல்டெம்' பாடலில் பான்ஜோ வாசித்தவரும் அவரே. ஒலிவாங்கி வந்தபின் உரத்த குரலுக்கு மட்டுமே மேடை என்ற நிலை இல்லை.

எடையையும் கவனிக்க வேண்டும். கனமான உலோக வளையம் கொண்ட ரெசனேற்றர் பான்ஜோ ஏறத்தாழ 5 கிலோகிராம் இருக்கும். திறந்தவற்றில் பல அதில் பாதியளவே. திருகாணிகளைக் கழற்றி ரெசனேற்றரை அகற்றலாமே என்பார்கள். அகற்றலாம், ஆனால் உள்ளிருக்கும் வளையமும் அதன் கூர்மையான நாதமும் அப்படியே இருக்கும். இரவில் வாசிப்பவருக்குத் திறந்த வகையில் இன்னொரு வசதியும் உண்டு: பின்புறமாக ஒரு துவாயைச் செருகினால் ஒலி தணிந்துவிடும். எந்த வகையானாலும், நமது ஈரக்காற்றில் தளரும் கன்றுத்தோலைவிடப் பிளாஸ்ரிக் தோலே நல்லது.

இவற்றையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தபோதும் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. ஏனெனில் என் காது விரும்பியது ஸ்க்ரக்ஸின் இசையை. 1990களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக நாட்களில், நாங்கள் நால்வர் ஓர் அறையில் கூடுவோம். வயலின், மவுத் ஓர்கன், இரவல் கிற்றார், மேசையில் தாளம். அந்தச் சந்தடிக்குள் ஒலிக்க வேண்டிய வாத்தியம் ரெசனேற்றர்தான். ஆனால் போர்க்காலத்தில் ஒருவர் கனடாவுக்கும் மற்றொருவர் நோர்வேக்கும் போய்விட்டார்கள். வயலின் வாசித்தவர் இன்று உயிருடன் இல்லை. பழைய அறைக்கென்று ஒரு வாத்தியத்தை வாங்கி, அதை இன்றைய வீட்டில் வைத்து வாசிப்பதில் பொருளில்லை என்று தோன்றியது. நான் இப்போது வாசிப்பது மனைவி உறங்கிய பின், விறாந்தையில், தனியாக. திறந்ததையே கேட்டு எழுதினேன்.

வாங்க எண்ணும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. எது சிறந்தது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னர், யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கூடி வாசிக்க நால்வர் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் ரெசனேற்றரை வாங்குங்கள். நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.